போதை மீட்பு மையங்கள்: அரசின் கண்காணிப்பும் ஜமாஅத்தின் கடமையும்

(ஜமாஅத் நிர்வாகிகளும் இளைஞர் அணியினரும் கலந்துகொண்ட சமூக நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

     

போதையைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. ஜும்ஆ பயான்களில் பேசுகிறோம். துண்டுப் பிரசுரம் போடுகிறோம். பேரணி நடத்துகிறோம். அத்தனையும் தேவைதான். ஆனால் அவையெல்லாம் இன்னும் போதையைத் தொடாத பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதி. தொட்டுவிட்ட பிள்ளைக்கு என்ன வழி? அவனை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? சேர்த்த இடத்தில் அவனுக்கு என்ன நடக்கிறது? அதைக் கண்காணிக்க வேண்டியவர்கள் யார்? இந்தக் கேள்விகளை நாம் மேடையில் எடுப்பதில்லை. வீட்டுக்குள் ஒரு தாய் மட்டும் எடுக்கிறாள். பதில் சொல்ல ஆளில்லாமல் அழுகிறாள். இன்று எனக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தை இந்தக் கேள்விகளுக்கே செலவிட விரும்புகிறேன்.

கஞ்சாவைப் பற்றியோ சாராயத்தைப் பற்றியோ நான் இப்போது பேசவில்லை. அபின் வகையைச் சேர்ந்த போதைகளைப் பற்றியே பேசுகிறேன். ஹெராயின், பிரவுன் சுகர், வலிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவை இந்த வகை. டிரமடால் என்ற வலி மாத்திரையின் தவறான பயன்பாடு பெருகியதால், 2018 ஏப்ரலில் மத்திய அரசு அதைப் போதைப்பொருள் தடைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. இப்போது டேபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் வழக்கம் நம் தமிழகத்து ஊர்களிலும் நுழைந்திருப்பதை அன்றாடம் செய்தித்தாள்களில் வாசிக்கிறோம்.

நாடு முழுவதும் நிலைமை என்ன? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் ஓர் ஆய்வு நடத்தி 2019-இல் அறிக்கை வெளியிட்டது. 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் ஏறத்தாழ 2 கோடியே 26 லட்சம் பேர் அபின் வகைப் போதையைப் பயன்படுத்துகிறார்கள் என்றும், அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்குச் சிகிச்சை உதவி தேவை என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. இந்த 77 லட்சத்தில் எல்லா மதத்தாரும் உண்டு, எல்லாச் சாதியாரும் உண்டு. போதைக்கு மதமில்லை. ஆனால் நம் மஹல்லாவில் உள்ளவனுக்கு நாம்தான் பொறுப்பு.

இது எப்படிப்பட்ட நோய்?

"இரண்டு அறை விட்டால் திருந்திவிடுவான்" என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படித் திருந்துவதாக இருந்தால் இந்த நோய் உலகத்தில் என்றோ ஒழிந்திருக்கும்.

அபின் வகைப் போதை மூளைக்குள் ஓரிடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. நாளடைவில் உடம்பு அது இல்லாமல் இயங்க மறுக்கிறது. நிறுத்தினால் மூக்கொழுகும், கண்ணில் நீர் வடியும், வயிறு போகும், எலும்பெல்லாம் முறிவதுபோல் வலிக்கும், தூக்கமே இருக்காது. சில நாட்களில் இந்த வேதனை தணிந்துவிடும். தணிந்ததும் பிள்ளை தெளிவாகப் பேசுவான், சாப்பிடுவான். "குணமாகிவிட்டது" என்று நாம் சக்கராத்தைப் பங்கிட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறோம்.

மிகப் பெரிய ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது, சகோதரர்களே! போதை இல்லாமல் சில வாரங்கள் இருந்த உடம்பு, பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. மூளையின் ஏக்கமோ போவதில்லை. வெளியே வந்தவன் ஒரு பலவீனமான நேரத்தில் பழைய அளவையே ஏற்றிக்கொள்கிறான். மூச்சு அடங்கிவிடுகிறது. அடைத்து வைத்து நிறுத்திவிட்டு, தொடர்ந்து மருந்தும் கவனிப்பும் இல்லாமல் அனுப்புவது பிள்ளையை மரணத்தின் வாசலில் நிறுத்துவதற்குச் சமம். சிறையிலிருந்து வெளிவந்த முதல் சில வாரங்களில் இத்தகைய மரணங்கள் அதிகம் நிகழ்வதைப் பல நாடுகளில் கண்டறிந்திருக்கிறார்கள்.

இதற்கு மருந்து உண்டு. மெத்தடோன் ஒன்று, புப்ரெனார்ஃபின் மற்றொன்று. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இவ்விரண்டையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் அதிகம் கிடைப்பது, நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை. ஹெராயின் ஒட்டும் அதே இடத்தில் இதுவும் ஒட்டுகிறது. ஆனால் நிதானமாக, நீண்ட நேரத்துக்கு வேலை செய்கிறது. ஓர் அளவுக்குமேல் இதன் வேகம் கூடுவதில்லை. வேதனையும் ஏக்கமும் அடங்கி, மனிதன் வேலைக்குப் போகிறான், குடும்பத்தைப் பார்க்கிறான். இத்துடன் நலோக்சோன் என்ற இன்னொரு மருந்தையும் கலந்து தயாரிக்கிறார்கள். நாக்குக்கு அடியில் வைத்தால் அந்த நலோக்சோன் அனேகமாக வேலை செய்யாது. பொடியாக்கி ஊசியில் ஏற்றினால் கடும் வேதனையைக் கொண்டுவரும். தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?"

இந்தக் கேள்வியை நம் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. தீர்ப்புச் சொல்லத் தகுதி பெற்றவர்கள் இதே மேடையில் இருக்கிறார்கள். ஆயினும் நம் இமாம்கள் இந்தப் பிரச்சினையை நமக்கு முன்பே சந்தித்திருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

16-ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைதமி (ரஹ்) அவர்களிடம், அபினுக்கு அடிமையாகி, அதை உடனே நிறுத்தினால் உயிர் போய்விடும் என்ற நிலையில் உள்ளவனைப் பற்றிக் கேட்கப்பட்டது. உயிர் போவது உறுதி என்று தெரிந்தால் அவனுக்கு அது கூடும், உயிரைக் காப்பதற்காக அது அவசியமும் ஆகும், பசியால் சாகும் நிலையில் உள்ளவனுக்குச் செத்த பிராணி கூடுவதைப் போல என்று அவர்கள் விடையளித்தார்கள். அத்துடன் நிறுத்தவில்லை. உடம்பு உணராத வகையில் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்து வரவேண்டியது அவன்மீது கடமை என்றும் சொன்னார்கள். 19-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், நம் மதரஸாக்களில் 'ஷாமி' என்று வழங்கும் தமது நூலில் இந்தத் தீர்ப்பை எடுத்தெழுதியிருக்கிறார்கள்.

கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள் இருக்கிறோம். உள்நாட்டில் ஹனஃபிகள் இருக்கிறோம். இரு தரப்பின் கிதாபுகளிலும் இந்த வழி இருக்கிறது. போதை ஹராம் என்பதில் அவர்கள் இம்மியும் தளரவில்லை. நோயாளியைச் சாகவிடவும் சம்மதிக்கவில்லை. இன்று மருத்துவர் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. அளவோடு கொடு, கண்காணித்துக் கொடு, உயிரைக் காப்பாற்று என்கிறார். எத்தனை நாள் கொடுப்பது, எப்போது குறைப்பது என்பதை நோயாளியின் நிலையைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

போதைப்பொருள் தடைச் சட்டம் 1985-இல் வந்தது. போலீஸ், கைது, ஜாமீன் மறுப்பு என்ற அளவில்தான் நாம் அதை அறிந்திருக்கிறோம். அதே சட்டத்துக்குள் சிகிச்சைக்கான கதவுகளும் இருக்கின்றன.

அதன் 71-ஆம் பிரிவு, போதைக்கு அடிமையானவர்களைக் கண்டறியவும், சிகிச்சையளிக்கவும், மறுவாழ்வு கொடுக்கவும் அரசு மையங்களை அமைக்கலாம் என்கிறது. அந்த மையங்களுக்கு அரசு விதிகளும் வகுக்கலாம். 2014-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, தனியார் நடத்தும் மையங்களையும் அரசு அங்கீகரிக்கலாம்.

64-ஏ பிரிவை இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். போதை உட்கொண்டதற்காகவோ, சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட ஓர் அடிமை, தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் அவன்மீது வழக்கு நடத்தக் கூடாது. ஹெராயினில் சிறு அளவு என்பது 5 கிராம் வரை. சிகிச்சையை அவன் முழுமையாக முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். 39-ஆம் பிரிவின்படி, குற்றவாளி என்று தீர்மானித்த பின்பும், அவன் சம்மதித்தால் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பலாம்.

ஆனால் ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள். இவ்விரண்டு பிரிவுகளுக்கும் அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில்தான் சிகிச்சை பெற வேண்டும். அங்கீகாரம் இல்லாத ஒரு வீட்டில் மூன்று மாதம் அடைத்து வைத்துவிட்டு, "என் மகன் சிகிச்சை எடுத்தான்" என்று நீதிமன்றத்தில் சொன்னால் அது செல்லாது. பணமும் போய், பிள்ளையின் சட்டப் பாதுகாப்பும் போய்விடும்.

அடுத்தது மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017. இது 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மது, போதைப்பொருள் தவறான பயன்பாட்டால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் இந்தச் சட்டம் சேர்த்துவிட்டது. ஆகவே இத்தகைய நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றாக வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து மீறினால் 5 லட்சம் வரை. நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. குடும்பத்தாரைச் சந்திக்கவும், தொலைபேசியில் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு. சுயமாக முடிவெடுக்க முடியாத நிலையில் உள்ளவரைச் சேர்ப்பதானால், மனநல மருத்துவர் உள்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அப்படிச் சேர்ப்பதும் முதலில் 30 நாட்களுக்கு மட்டுமே.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, நம் காதில் விழும் செய்திகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இரவில் வேன் வருகிறது. நான்கு தடியர்கள் இறங்கிப் பையனைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போகிறார்கள். மூன்று மாதம் பேசக் கூடாது, பார்க்கக் கூடாது என்கிறார்கள். மருத்துவர் முகத்தையே அவன் பார்ப்பதில்லை. அடி உதைக்கு அங்கே 'கட்டுப்பாடு' என்று பெயர். சில இடங்களில் பிள்ளை பிணமாக வீடு திரும்பியிருக்கிறான். தமிழகத்திலும் பிற மாநிலங்களிலும் இத்தகைய மரணங்களுக்காகக் கொலை வழக்குகள் பதிவானதை நாம் செய்திகளில் கண்டோம்.

ஏர்வாடியை மறந்துவிட்டோமா?

சகோதரர்களே! கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை வேறு எவரையும்விட நாம் நன்றாக அறிந்திருக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். தீ வருவதைக் கண்டும் அவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் பலியாயின. அந்தச் சம்பவத்தை உச்சநீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. அதன்பிறகே அரசுகள் இப்படிப்பட்ட காப்பகங்களைக் கணக்கெடுத்து, பதிவு, உரிமம் என்று பேசத் தொடங்கின.

அங்கே பிணைக்கப்பட்டிருந்தவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர். பெற்ற தாய் தந்தையரும் உடன்பிறந்தவர்களும்தான். வேறு வழி தெரியாமல் விட்டார்கள். இன்று போதைக்கு அடிமையான பிள்ளையைப் பெற்றவர்களும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள். நோய் வேறு, பூட்டு ஒன்று.

பதிவுச் சட்டம் வந்துவிட்டதே, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. 2017 சட்டத்தில் ஒரு பலவீனம் உள்ளது. விண்ணப்பித்த பத்து நாட்களுக்குள் தற்காலிகப் பதிவு கொடுக்க வேண்டும். அதற்கு முன் விசாரணை நடத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தப் பதிவு 12 மாதம் செல்லும். நிரந்தரப் பதிவு பெற்ற இடங்களில் தணிக்கை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை. சுவரில் பதிவுச் சான்று தொங்குகிறது என்பதால் உள்ளே அதிகாரி வந்து பார்த்துவிட்டார் என்று பொருளாகாது. பதிவை உறுதி செய்யுங்கள். அத்துடன் கண்ணால் போய்ப் பார்த்தும் வாருங்கள்.

பூட்டு அதிகமானாலும் ஆபத்து

கண்காணிப்பு இல்லாதது ஒரு கேடு என்றால், மருந்தையே எட்டாத உயரத்தில் பூட்டி வைப்பது இன்னொரு கேடு.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். மெத்தடோனைத் தனி உரிமம் பெற்ற மையங்களில் மட்டுமே தரலாம் என்று 1974-இல் சட்டம் போட்டார்கள். நோயாளி நாள்தோறும் வரிசையில் நின்று வாங்க வேண்டும். வேலைக்குப் போகிறவன் எப்படி நிற்பான்? 2000-ஆம் ஆண்டுச் சட்டம் சாதாரண மருத்துவர்களும் புப்ரெனார்ஃபின் எழுத வழி திறந்தது. ஆனால் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு மருத்துவருக்கு 30 நோயாளிகள்தான் என்று வரம்பும் வைத்தார்கள். வலி மாத்திரையை எழுத எந்த மருத்துவருக்கும் இந்தத் தொல்லை இல்லை. அந்த மாத்திரையால் வந்த அடிமைத்தனத்தைக் குணப்படுத்தத்தான் தனி அனுமதி! 2021-இல் அங்கே அளவுக்கு மீறிய போதையால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2022 டிசம்பரில்தான் அந்தத் தனி அனுமதி முறையை ஒழித்தார்கள். நிலையாக இருக்கும் நோயாளி 28 நாள் வரை மெத்தடோனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற நிரந்தர விதி 2024-இல் வந்தது. பிரான்சோ 1995-இலேயே எந்த மருத்துவரும் புப்ரெனார்ஃபின் எழுதலாம் என்று அனுமதித்தது. நான்கே ஆண்டுகளில் அங்கே போதை மிகையால் நேரும் மரணங்கள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

முஸ்லிம் நாடுகளுக்கு வருவோம். ஈரான் 1979 புரட்சிக்குப் பிறகு தண்டனை ஒன்றையே வழியாகக் கொண்டது. அடிமைகளைச் சிறையிலும் முகாம்களிலும் அடைத்தார்கள். சிறைக்குள் ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தியதால் எய்ட்ஸ் கிருமி பரவியது. ஆட்சியாளர்கள் விழித்துக்கொண்டார்கள். 2005 ஜனவரியில் நீதித்துறையின் தலைவராக இருந்த ஆயத்துல்லாஹ் ஷாஹ்ரூதி, மெத்தடோன் சிகிச்சைக்கும் நோய்த்தடுப்புப் பணிகளுக்கும் இடையூறு செய்யக் கூடாது என்று நீதிபதிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். உரிமம் பெற்ற மையத்தில் சிகிச்சையில் இருப்பவன்மீது வழக்கில்லை என்று 2010 சட்டத் திருத்தம் சொன்னது. கட்டாய முகாம்களை அவர்கள் முற்றிலும் விடவில்லை. அந்தக் குறை அங்கே நீடித்தது.

மலேசியாவில் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி போதைக்கு அடிமையானவர்களை இரண்டு ஆண்டுகள் கட்டாயமாக அடைத்து வைத்தார்கள். வெளியே வந்தவர்கள் மீண்டும் அதே குழியில் விழுந்தார்கள். 2005-இல் அரசு மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கியது. 2010 முதல் கட்டாய முகாம்கள் பலவற்றைத் தாமாக வந்து சேரும் சிகிச்சை இல்லங்களாக மாற்றியது. அதே காலகட்டத்தில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள அர்-ரஹ்மான் பள்ளிவாசலில், பல்கலைக்கழக மருத்துவர்களின் மேற்பார்வையில் மெத்தடோன் கொடுத்தார்கள். ஆம், பள்ளிவாசலில்! மருந்தும் அங்கே, தொழுகையும் மார்க்கப் போதனையும் அங்கே. தெருவில் எல்லோரும் விரட்டியவனுக்குப் பள்ளிவாசல் கதவைத் திறந்தது.

நம் நாட்டில் பஞ்சாபைப் பாருங்கள். போதை மீட்பு மையங்களுக்கென்று 2011-இலேயே தனி விதிகளை வகுத்த மாநிலம் அது. 2017 அக்டோபரில் தொடங்கி, உள்ளே தங்காமலே வந்து மருந்து வாங்கிச் செல்லும் அரசுச் சிகிச்சை நிலையங்களை ஊர் ஊராகத் திறந்தார்கள். முதலில் தினமும் வந்து, பணியாளர் கண்முன்னால் மாத்திரையை வைத்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. 2020 ஊரடங்கின்போது இரண்டு வாரத்துக்கு வீட்டுக்கே கொடுக்கும்படி ஆயிற்று; கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். இன்னொரு பக்கம், தனியார் மையங்களிலிருந்து மாத்திரைகள் கணக்கில்லாமல் வெளியே போவதாகப் புகார்கள் எழுந்தன. 2025-இல் விதிகளைப் புதுப்பித்து, தனியார் மையங்களின்மீது பிடியை இறுக்கினார்கள். ஏழை நோயாளிக்குக் கதவைத் திறப்பதும், வியாபாரியின் கணக்கைச் சரிபார்ப்பதும் ஒரே அரசு ஒரே நேரத்தில் செய்யக்கூடிய வேலைகள் என்பதற்கு இது உதாரணம்.

அரசிடம் நாம் கேட்பது

இந்த அனுபவங்களையெல்லாம் கொண்டு நாம் அரசிடம் வைக்கும் கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று: பதிவு பெற்ற மையங்களின் பட்டியல், மாவட்ட வாரியாக, தமிழில், ஆட்சியர் அலுவலகத்திலும் காவல் நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் ஒட்டப்பட வேண்டும். பதிவு காலாவதியான, ரத்தான மையங்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டு: தற்காலிகப் பதிவு கொடுத்த மூன்று மாதத்துக்குள் நேரில் ஆய்வு நடக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி மருத்துவரும் வருவாய்த்துறை அதிகாரியும் சேர்ந்து போக வேண்டும். மையத்தில் நேரும் ஒவ்வொரு மரணத்துக்கும் நீதித்துறை நடுவர் விசாரணை வேண்டும்.

மூன்று: புப்ரெனார்ஃபின் சிகிச்சை மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் அனைத்திலும், தட்டுப்பாடின்றி, இலவசமாகக் கிடைக்க வேண்டும். வீட்டருகில் அரசு மருந்து கிடைத்தால் யாரும் கடன் வாங்கிக் காப்பகத்துக்கு ஓட மாட்டார்கள். நிலைப்பட்ட நோயாளிக்குப் பல நாள் மருந்தைச் சேர்த்துக் கொடுக்கவும், மாத்திரைக் கணக்கை ஒழுங்காகச் சரிபார்க்கவும் ஏற்பாடு வேண்டும்.

நான்கு: இன்று தடைச் சட்டம் நிதி அமைச்சகத்தின் வருவாய்த்துறையிடம் இருக்கிறது, மறுவாழ்வு மையங்களுக்கு மானியம் சமூக நீதி அமைச்சகத்திடம், மருத்துவமனை சுகாதாரத்துறையிடம், பிடிக்கிற போலீஸ் உள்துறையிடம். ஒரு நோயாளி நான்கு வாசலில் நிற்கிறான். மாவட்டத்துக்கு ஒரே ஒரு பொறுப்பு அதிகாரி வேண்டும்.

ஐந்து: 64-ஏ பிரிவைப் பற்றிக் காவல் நிலையங்களுக்கு எழுத்துமூலம் அறிவுறுத்த வேண்டும். சிகிச்சைக்கு வரும் பிள்ளையை மருத்துவமனை வாசலில் வைத்துப் பிடிக்கும் நிலை இருந்தால் எவன் வருவான்?

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது

அரசிடம் கேட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்க முடியாது. நிர்வாகிகளே, உங்களிடம் ஒரு தாய் வந்து, "மகனை எங்கே சேர்ப்பது?" என்று கேட்கும்போது, யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டாதீர்கள். அந்த மையத்தைப் பற்றி இவற்றைக் கேளுங்கள்: மனநல ஆணையப் பதிவு உண்டா, எந்தத் தேதி வரை? மனநல மருத்துவர் யார், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? என்ன மருந்து கொடுக்கிறார்கள்? பிள்ளையைப் பார்க்கவும் போனில் பேசவும் விடுவார்களா? வெளியே வந்தபின் தொடர் சிகிச்சை எங்கே? இவற்றில் ஒன்றுக்குக்கூட நேரான பதில் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள். முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416. இவ்விரண்டும் கட்டணமில்லா எண்கள். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இன்றே எழுதிப் போடுங்கள்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் மூன்று பேர் கொண்ட ஒரு குழு போதும். ஓர் ஆலிம், ஒரு வழக்கறிஞர் அல்லது சட்டம் தெரிந்தவர், ஒரு மருத்துவர் அல்லது செவிலியர். பெண்கள் தரப்பிலும் ஒருவர் இருந்தால் தாய்மார்கள் தயங்காமல் வருவார்கள். குழுவின் வேலை துப்பறிவது அல்ல. பிள்ளையின் பெயரைக் காப்பாற்றி, அவனைச் சரியான வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். ஏழைக் குடும்பத்துக்குப் போக்குவரத்துச் செலவை பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாம். மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறவனைப் பார்த்து, "இன்னும் விடவில்லையா?" என்று பள்ளிவாசல் வாசலில் கேலி பேசுவதை நிறுத்த வேண்டும். சர்க்கரை நோய்க்கு ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்த அரங்கில் இருக்கிறோம். நம்மை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

சகோதரர்களே! விற்கிறவனை நாம் விட்டுவிடச் சொல்லவில்லை. அவன்மீது சட்டம் முழுமையாகப் பாயட்டும். அதற்கு ஜமாஅத் துணை நிற்கட்டும். சிக்கிக்கொண்டவனுக்கு மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும், அவன் இருக்கும் இடத்தைக் கண்காணிக்கும் அரசு வேண்டும், திரும்பி வந்தால் ஸஃப்பில் தோளோடு தோள் நிற்க இடம் கொடுக்கும் சமுதாயம் வேண்டும். இன்று இங்கிருந்து போகும் நிர்வாகிகள், அடுத்த ஜும்ஆவுக்குள் உங்கள் மஹல்லாவில் அந்த மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, மாவட்ட அலுவலகத்துக்குப் பெயர்களைத் தெரிவியுங்கள். ஐந்து கோரிக்கைகளையும் மனுவாக எழுதி, எல்லா ஜமாஅத்துகளின் முத்திரையோடும் ஆட்சியரிடம் கொடுப்போம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! சிக்கியவர்களுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பெற்றவர்களுக்கு ஸப்ரையும் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.